எட்டு நாற்பதுக்குப் பம்பைப் போட வேண்டும்

லீபாயா துறைமுகம். உலர்துறை எண் இரண்டு.
கப்பலை உள்ளே விட்டு, கதவடைத்து, நீரை இறைத்தால்
அதன் அடிவயிறு தெரியும்.
இன்று கப்பல் இல்லை.
நூற்றெண்பது நாற்காலிகள்.

கடலுக்கு ஏழு மீட்டர் கீழே
இரும்புப் படிகளில் இறங்கி வருகிறார்கள்,
குதிகால் செருப்புக்காரிகள் பக்கவாட்டாக, நண்டு மாதிரி.
கதவுக்கு அந்தப் பக்கம் பால்டிக்.
இந்தப் பக்கம்
நகராட்சி அச்சடித்த நிகழ்ச்சி நிரல்.

என் வேலை பம்ப்.
கதவு கசியும். எந்தக் கதவுதான் கசியாது?
பம்பை நிறுத்தினால்
நாற்பது நிமிடம் தரை எங்களுடையது.
அதற்குமேல் கேட்டால் கடல் சிரிக்கும்.

மத்தியானமே வந்துவிட்டார் செல்லோக்காரர், இந்த்ரிக்கிஸ்.
பம்ப் அறைக் கதவில் காதை வைத்து,
"இது எப்போதும் இப்படித்தானா?"
"எப்படி?"
"சுருதி சேராமல்."
இருபத்தொரு வருடமாக இதோடு குடித்தனம் செய்கிறேன்,
ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.
"நாற்பது நிமிடம் அதன் வாயைக் கட்டுகிறேன். உங்களுக்கு எவ்வளவு?"
"முப்பத்தெட்டு," என்றார்,
தன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல்.

எட்டு மணிக்கு விசையைக் கீழே இழுத்தேன்.
பம்ப் இருமியது, முனகியது, அடங்கியது.
அப்போதுதான் கேட்டது
இத்தனை வருடம் அது மூடி வைத்திருந்த சத்தம்:
கதவின் ஓரமெல்லாம்
சொட்டு, சொட்டு, பிறகு ஓர் இழை.

நான்கு பேர்.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
இசைத்தாளில் துணி உலர்த்தும் கிளிப்புகள்.
எனக்குச் சங்கீதம் தெரியாது.
எந்த போல்ட் எப்போது தளரும் என்று தெரியும்,
அதனால் முதல் வயலின்காரியின் தோள்பட்டையைப் பார்த்தேன்:
தளரவில்லை.
மூன்றாவது வரிசையில் விஸ்வால்டிஸ்,
இந்தக் கதவைப் பற்றவைத்தவர்.
வாசிப்பவர்கள் பக்கமே திரும்பவில்லை மனிதர்,
தன் பழைய பற்றுக்கோட்டையே பார்த்திருந்தார்,
பள்ளிக்கூட மேடையில் ஏறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

மெதுவான பகுதியில்தான் சிக்கல்.
இங்கே சுவர் கருங்கல்.
கொடுத்த ஸ்வரத்தை
யோசித்து, தாமதமாகத் திருப்பித் தந்தது.
அவர்கள் அது வந்து சேரும்வரை காத்திருந்தார்கள்,
ஒவ்வொரு முறையும்.
வில் காற்றில் நிற்க,
நூற்றெண்பது பேர் மூச்சை ஓரமாய் வைக்க.

எட்டு முப்பத்தாறு.
நாற்காலிக் கால்களைச் சுற்றி ஒரு பளபளப்பு.
முதல் வரிசையில் ஒருவர் குனிந்து
சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார், பூனையை வைப்பதுபோல.
பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள். அவளும்.
பிறகு வரிசை வரிசையாக.

எட்டு நாற்பது.
கை விசையில்.

இழுத்தால் முடிந்தது.
இழுக்காவிட்டால் என் வேலை முடிந்தது.
கீழே இரண்டாம் வயலின் ஏதோ ஒன்றைக் கேட்டது,
சுவர் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கை விசையிலேயே இருந்தது.

எட்டு நாற்பத்திரண்டு.
கணுக்கால் நீரில் விளக்குகள் ஆடின.
செல்லோவின் ஒற்றைக்கால் தண்ணீரில்,
கொக்கு மாதிரி.
இந்த்ரிக்கிஸின் கால்சட்டை முழங்கால்வரை கறுத்துவிட்டது.
அவர் மட்டும் அவசரப்படவே இல்லை, படுபாவி.

எட்டு நாற்பத்துநான்குக்கு முடிந்தது.
அதாவது, அவர்கள் முடித்தார்கள்.
சுவர் இன்னும் கொஞ்சம் வைத்திருந்தது.

கைதட்டக் கை ஏது? எல்லார் கையிலும் ஷூ.
ஷூவோடு ஷூவைத் தட்டினார்கள்,
நூற்றெண்பது ஜோடி,
நனைந்த தோல், ரப்பர், மரக் குதிகால்.
விஸ்வால்டிஸ் எழுந்து போய்
கதவை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார்.

விசையை மேலே தள்ளினேன்.
பம்ப் தொடங்கியது.
ஐயோ, ஆமாம்.
கொஞ்சம் கீழே இருக்கிறது.
கொஞ்சம்தான். இனி எப்படி இதோடு உட்காருவேன்?

பதிவேடு.
நிறுத்தம்: 8.00. தொடக்கம்: 8.44.
தாமதத்துக்குக் காரணம்:
நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு
"வால்வு இறுகியிருந்தது" என்று எழுதினேன்.
காலையில் மேலாளர் படிப்பார்,
வால்வைப் பரிசோதிக்க ஆள் அனுப்புவார்.
அந்த ஆள் நான்தான்.