சீலா வறுவல், நானூற்றைம்பது

கண்ணாடிக் கதவில்
'சப்ளையர் தேவை, ஆண்கள்' என்று அச்சு.
கீழே பேனாவால் 'பெண்கள்'.
மை இன்னும் புதுசு.

பாம்பன் பாலம் தெரிகிற கல்லா.
எந்த ஊர்? தங்கச்சிமடம்.
வீட்டுக்காரர்? விசைப்படகு.
அதான் இப்ப வந்திருக்க, என்றார்.
இந்தி?
பானி, சாவல், தோ மினிட்.
போதும், எனக்கும் அவ்வளவுதான்.

இடது கையில் நாலு தட்டு அடுக்கி
ஏசி ரூமைச் சுற்றிவரச் சொன்னார்.
ஐஸ்பெட்டி தூக்கிய கைக்கு
வெறும் தட்டின் லேசுதான்
தடுமாற்றம்.
ஆனாலும் விழவில்லை.

அப்புறம் மெனு கார்டில்
சீலா வறுவல் மேல் விரல் வைத்து,
'ஃப்ரெஷ்ஷான்னு கேட்டா என்ன சொல்வ?'

ஃப்ரீசரைப் பார்த்தேன்.
கண் குழிந்து, செவுள் வெளுத்து
எந்த மாநிலத்து மீனோ.

'தடைக்காலம், அண்ணே.
போட்டெல்லாம் கட்டிக் கிடக்கு.'

'பாலம் பார்க்க வர்றவனுக்குத்
தடைக்காலம் தெரியுமா?
காலையில பிடிச்சதுன்னு சொல்லணும்.'

கொஞ்சம் யோசித்தேன்.
காலையில என்றால் எவனாவது கேட்பான்,
எந்தப் போட்டில் என்று.

'நாட்டுப்படகு மீனுன்னு சொல்றேன்.
அதுக்குத் தடையில்ல.'

விரலை எடுத்துக்கொண்டு
என்னை முதன்முறையாகப் பார்த்தார்.
பதினொண்ணாயிரம். ராத்திரிச் சாப்பாடு.
நாளைக்கே வந்துரு.

கெபிஸ்டன் மடாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
என்ன கேட்டாங்க?
மீனைப் பத்தித்தான்.
அதுல உன்னை எவன் ஜெயிப்பான்
என்று சிரித்தான்.

கொடுத்த டி-சர்ட்டின் முதுகில்
துள்ளுகிற மீன் ஒன்று.
அது உள்ளே போகிற மாதிரி
மடித்து வைத்தேன்.