இரண்டு ஈ

"இன்னும் ஈதான் ஓட்டுறியா?"
தேக்கா சந்தையில் ஷேக் மதார் கேட்பார்,
வஞ்சிரத்தின் மேல் பழைய நாட்காட்டி அட்டையை விசிறியபடி.
ஓட்டுவது நீங்கள், நான் பிடிக்கிறேன் என்பேன்.

மண்டாய் அலையாத்தியில் நீர் வடிந்த காலை.
முழங்கால் வரை சேறு,
எதிர்க்கரையில் ஜொகூரின் மாடிகள்.
வலைக்கூடாரத்தின் உச்சியில் சாராயக் குப்பி;
வெளிச்சம் என்று ஏறியவை எல்லாம் அதற்குள்.
நூர்ஹைஸா பென்சிலால் தேதி எழுதினாள்.
மை கரைந்துவிடும்.

ஆண்கள் முப்பத்தொன்று.
நெடுங்கால், தாமிரப் பச்சை முதுகு,
அரிசியில் பாதி நீளம்.
உருப்பெருக்கியின் கீழ் மூன்று நாள்:
இறகின் நரம்பு, முகத்தின் வெள்ளி,
வயிற்று நுனியில் சாவிபோல் மடங்கிய உறுப்பு.
ஒரே இனம் என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

வியாழன் மதியம் மரபணு வந்தது.
நாலே எழுத்தில் எழுதிய நீள வரிகள்.
பத்தொன்பது ஒரு பக்கம் ஒதுங்க,
பன்னிரண்டு மறுபக்கம்.
நடுவில் நூற்றுக்கு எட்டு இடைவெளி,
அதில் ஒருவரும் இல்லை.
எந்திரக் கோளாறு என்றேன்.
ஹைஸா ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓட்டினாள்.
பத்தொன்பது. பன்னிரண்டு.

ஈ என்றால் ஈ.
ஈ என்றால் கொடு.
அதே கோடு, அதே இரு புள்ளி, அதே ஓசை.
முப்பது வருடம் பேசியும்
இது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

மீண்டும் குனிந்தேன், இம்முறை
எந்தக் குப்பி எது என்று தெரிந்துகொண்டே.
விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவதா
என்று உறுத்தியது.
நடுக்கால், இரண்டாம் கணு.
பத்தொன்பதிலும் ஒரு மயிர் வளைந்திருந்தது.
பதினொன்றில் நேராக.
மீதி ஒன்றுக்கு அந்தக் காலே இல்லை.
திங்களன்று என் இடுக்கியில் ஒடிந்தது அதுதான்.

வளைந்ததற்கு முன்பே பெயர் உண்டு.
நேரானதற்கு இனிமேல்.
பெயரைச் சுமக்க ஒன்று வேண்டும்;
உடையாதவற்றில் சிறியதை எடுத்தோம்.
ஊசி, சிவப்புச் சீட்டு, இடம், நாள், பிடித்தவர்.
சீட்டில் இடம் போதவில்லை,
மங்கையர்க்கரசியை 'மங்கை'யோடு நிறுத்தினாள் ஹைஸா.
போகட்டும் என்றேன்.

சனிக்கிழமை, வஞ்சிரத்தின் செவுளில்
ஒன்று வந்து உட்கார்ந்தது.
குனிந்தேன்.
நடுக்காலைத் தூக்கியது,
ஷேக் மதார் அட்டையைத் தூக்கினார்.