உள்பக்கம்

கபிரா விரிகுடாவில் நீந்தக் கூடாது.
நீரோட்டம் இழுத்துவிடும் என்று
நான்கு மொழிகளில் பலகை.
அதற்கு அடுத்த பலகை என்னுடையது:
"நனையாமல் பவளம் பாருங்கள். முப்பது நிமிடம்.
குழந்தைக்குப் பாதி விலை."

படகின் வயிற்றில் ஆறு கண்ணாடி.
விடியுமுன் இறங்கி, மூச்சைப் பிடித்து,
காலாவதியான பேருந்து அட்டையால் பாசியைச் சுரண்டுகிறேன்.
ஒருத்தி நனைந்தால்தான்
பன்னிரண்டு பேர் நனையாமல் இருக்க முடியும்.
இதை நான் மைக்கில் சொல்வதில்லை.

அன்று பத்தரை மணிப் பயணத்துக்கு
நுமகுரா என்றொருவர் வந்தார்,
வடகோடி வக்கனாயிலிருந்து, மகளுடன்.
முப்பத்தொரு வருடம் நண்டுக்கப்பல்.
மகள்தான் சொன்னாள். அவர்
என் கயிற்று முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுத்த வீட்டுச் சமையலைப் பார்ப்பதுபோல.

"அப்பாவுக்கு நீந்தத் தெரியாது."
"எதற்கு?" என்றார்.
"எங்கள் கடலில் விழுந்தால்
நீந்தத் தெரிந்தவன் நீந்திக்கொண்டே சாவான்.
தெரியாதவனுக்கு வேலை சீக்கிரம் முடியும்."
யாரும் சிரிக்கவில்லை.

மணல் வந்தது. கடற்புல் வந்தது.
பிறகு மான்கொம்புப் பவளம், காடு காடாக,
நுனிகளில் மட்டும் நீலம்.
கடற்சாமந்திக்குள்ளிருந்து கோமாளி மீன்
வாடகை பாக்கி வைத்தவன்போல எட்டிப் பார்த்து
உள்ளே போய்விட்டது.

"கிளிமீன். தின்பீர்களா?"
"தின்போம்."
"அந்தப் பெரிய மட்டி?"
"பச்சையாகவே."
"கோமாளி?"
"அதைத் தின்பவனுக்கு ஊரில் பெண் கிடைக்காது."
அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.
முழங்கால் மடித்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்தார்.

வெளுத்துப்போன திட்டு ஒன்று உண்டு.
அங்கே வேகத்தைக் கூட்டுவது என் வழக்கம்.
அவர் கை உயர்ந்தது: நிறுத்து.
நிறுத்தினேன்.
எலும்பு நிறம். ஒரே ஒரு வண்ணத்திமீன்
விலாசம் தொலைத்ததுபோல் சுற்றிச் சுற்றி.
வெகுநேரம் பார்த்தார்.
"முப்பத்தொரு வருடம் இதன் கூரைமேல் நடந்தேன்"
என்றார், யாரிடம் என்றில்லாமல்.
"ஒருநாள்கூட உள்ளே வா என்று சொன்னதில்லை."

மழை வந்தது,
இந்தத் தீவில் வருகிற மாதிரி, கதவைத் தட்டாமல்.
தார்ப்பாய் கிழிந்த இடம்
சரியாக அவர் பிடரிக்கு மேலே.
(தைத்துத் தருகிறேன் என்று ஹிரதா
இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.)
மற்றவர்கள் செல்பேசியை மறைத்து ஒதுங்கினார்கள்.
மகள் குடை விரித்தாள்;
குடையின் நிழல் மீன்கள்மேல் விழுந்தது.
"மடக்கு" என்றார், தலை தூக்காமல்.
சட்டைக் காலருக்குள் இறங்கி
மணிக்கட்டு வழியாக வெளியே வந்தது மழை.

கரையில் பாதிப் பணத்தை நீட்டினேன்.
பலகையில் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே.
அவருக்குப் புரியவில்லை.
மகள் சட்டையைத் தொட்டுக் காட்டினாள்.
தானும் தொட்டுப் பார்த்தார்,
பிறகு வானத்தை.
"எப்போது?" என்றார்.

மறுநாள் விடியுமுன் இறங்கினேன்.
ஐந்து கண்ணாடி சுத்தம்.
ஆறாவதில், நடுவில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்.
அட்டையால் தேய்த்தேன். விரலால் தேய்த்தேன்.
மூச்சு முடிந்து மேலே வந்து,
மறுபடி மூழ்கித் தேய்த்தேன்.

போகவில்லை.
அது உள்பக்கம்.