பெட்டிக்கு ஒரு வரி

கிடினியா துறைமுகம், பிப்ரவரி.
ஐந்தாம் எண் கிரேனின் உச்சியில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில்
லுத்விகா ஃபோர்மெலா.
கீழே பட்டியலோடு நான்:
பெட்டி எண், முத்திரை எண், நசுங்கல் உண்டா இல்லையா.
எங்கள் இருவருக்கும் நடுவே
தொண்டை கட்டிய ஒரு வாக்கி-டாக்கி.

"அலோய்ஸி, உறைபனி விடும்போது
தகரம் போடும் சத்தத்துக்கு
உன்னிடம் ஒரு சொல் இருக்கிறதா?"
"பெட்டியை இறக்கு" என்பேன்.
இறக்குவாள்,
இருபது டன்னை
மேசையில் கோப்பை வைப்பதுபோல்.

முதலில் அவள் காற்றை நம்பியிருந்தாள்.
வினாடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
சங்கு ஊதும்,
கிரேன்களைத் தரையோடு பூட்டிவிடுவோம்.
நாள் முழுக்க ஓய்வு, வெளியே கடலுக்குப் பித்துப் பிடித்திருக்கும்,
எழுத வேறென்ன வேண்டும்?
மூன்று வருடம் காத்தாள். ஒரு வரி வந்ததில்லை.
உணவறை மூலையில்
பீட்ரூட் சூப்பைக் கலக்கிக்கொண்டே சொல்வாள்:
"தாள் என்னையே பார்க்கிறது,
கடன் கொடுத்தவன் மாதிரி."

பிறகு காற்றே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை,
லாரி வந்து நிற்பதற்குள் கிடைத்த
நாற்பது வினாடியில்
முழங்கால்மேல் நோட்டை வைத்து ஒரு வரி.
அடுத்த பெட்டியில் அதை அடித்தாள்.
அதற்கடுத்ததில் வேறொன்று.
ஷிஃப்டுக்கு நூற்றெழுபது பெட்டி,
மிஞ்சுவது நாலு வரி,
சில நாள் ஒன்று,
சில நாள் வெறும் காற்புள்ளி.
சந்தேகம் வந்தால் வாக்கி-டாக்கியில் படிப்பாள்.
யாரும் பதில் சொன்னதில்லை.

வார்சாவிலிருந்து உறைகள் திரும்பி வந்தன.
எண்ணுவதுதான் என் தொழில்,
அவளுடையதை மட்டும் எண்ணவில்லை.
பொய். பதினொன்று.
ஒன்றின் ஓரத்தில் யாரோ பென்சிலால்
"இரண்டாம் பக்கத்துக் கடற்காகம் நன்று"
என்று கிறுக்கியிருந்தார்கள்.
அதை வைத்து ஒரு வருடம் ஓட்டினாள்.

போன நவம்பரில்
ஏணிக் கதவைத் திறக்கும்போது நோட்டு நழுவியது.
நான் பார்த்தேன்.
ஒரு கணம் தன்னைப் பறவை என்றே நினைத்து
விரிந்தது.
பிறகு தான் காகிதம் என்பது நினைவு வந்து
கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே போய்விட்டது,
இரண்டு வருட எழுத்தோடு.

மேலே நீண்ட கரகரப்பு.
பிறகு, "அடுத்த பெட்டி."

ஒன்பது நாள் ஒரு வார்த்தை இல்லை.
பத்தாம் நாள் கேட்டாள்:
"நான் இதில் படித்தது
யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?"
காது கொடுத்ததாக
எங்களில் யாருக்குமே தெரியாது.
லாரி ஓட்டும் ஓஸ்டாப்
பாதி போலிஷ், பாதி உக்ரேனியனில் ஒன்றைச் சொன்னான்.
கம்பி பூட்டும் ரெமிகியுஷ், ஒரு நாளும் வாய் திறக்காதவன்,
இரண்டு சொன்னான், அதில் ஒன்று கெட்ட வார்த்தை.
நான் சொன்னது:
"கடலுக்கு முதுகு கிடையாது."

"முதுகா? முடிவு என்றல்லவா எழுதியிருந்தேன்."
கரகரப்பு.
ஒரு லாரி வந்தது, போனது.
"அலோய்ஸி,
நீ கேட்டதுதான் சரி."

அன்று அவள் சேகரித்தது இருபத்தாறு வரி.
நேராக நினைவிருந்தவை சிலவற்றை
அவளே தூக்கிப்போட்டாள்.
கோணலாக வந்தவற்றை வைத்துக்கொண்டாள்.
புது நோட்டு இப்போது
ஒரு பழைய ஷூ கயிற்றால்
அவள் இருக்கையோடு கட்டியிருக்கிறது.
பன்னிரண்டாவது உறை போயிருக்கிறதா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

இன்று காற்று பதினெட்டு.
ஏறினால் வேலை நிற்கும்.
ஏறக் கூடாதென்று
அவள் முணுமுணுப்பது கீழே கேட்கிறது.
என் பட்டியலின் கடைசிக் கட்டம் 'குறிப்புகள்'.
பத்தொன்பது வருடமாக
அதில் 'இல்லை' என்றே எழுதிவருகிறேன்.

"அலோய்ஸி, அந்தத் தகரச் சத்தம்?
மூன்று குளிர்காலமாகக் கேட்கிறேன்."

பேனாவில் மை உறைந்திருக்கிறது.
வாயருகே வைத்து ஊதுகிறேன்.

"பெட்டியை இறக்கு" என்கிறேன்,
"யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."