நாற்பத்தொரு நிமிடம்

கிரூனாவில் டிசம்பர்.
சூரியன் மலைக்குப் பின்னால் போய்ப்
பத்து நாளாகிறது.
இரவு ஒன்றரைக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்;
கோப்பையில் காப்பி ஒரு வட்டம் போட்டு அடங்கும்.
எனக்கும் ஹெரால்டோவுக்கும் அதுதான் மணி.

அவன் இருப்பது பூண்டா அரீனாஸில்.
அங்கே இப்போது ஒன்பதரை,
வெளிச்சம் துறைமுகத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம்.
நண்டுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறான்.
மூன்று குளிர்காலமாக என்னைக் கொன்றுவருகிறான்.

எங்கள் விளையாட்டில் ஒளிய இடமில்லை.
உயிர் இருந்தால் சூடு இருக்கும்,
சூடு இருந்தால் தெரியும்.
சனியின் வளையத்துக்கு அப்பால்
எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி
அவன் கப்பல் ஒரு மிளகளவு வெப்பம்.
அவன் திரையில் நானும் ஒரு மிளகு.

முதலில் ட்ரோன்கள், பன்னிரண்டு.
ஆளுக்கொரு குட்டித் துப்பாக்கி.
அவற்றால் எதையும் கொல்ல முடியாது,
அது அவனுக்கும் தெரியும்.
ஆனாலும் வாசலில் குரைக்கும் நாயை
எத்தனை நேரம் பார்க்காமல் இருப்பான்?
லேசர் திரும்பும். சுடச்சுடக் கொதிக்கும்.
கொதிப்பைக் கொட்ட ரேடியேட்டரை விரிப்பான்.
விரித்தால் அகலமாவான்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான்,
அவன் அகலமாவது.

(என் சன்னலடியிலும் ஒரு ரேடியேட்டர்.
அதன்மேல் ஒற்றைக் கையுறை காய்கிறது.
இன்னொன்று எந்தப் பனியில் விழுந்ததோ.)

அப்புறம் ஏவுகணைகள், பதினெட்டு.
இதில்தான் மூன்று வருடமும் தோற்றேன்.
இருக்கிற எரிபொருளை எல்லாம் எடுத்த எடுப்பில் எரித்துவிடுவேன்.
அம்பு மாதிரிப் போகும்,
அம்பு மாதிரியே ஏமாறும்.
அவன் பக்கவாட்டில் ஒரு தும்மல் தும்முவான்;
பதினெட்டும் அவன் இல்லாத இடத்தைக் குத்திக்கொண்டு
சனியைச் சுற்றப் போய்விடும்.

பொறுத்தார் ஆள்வது பூமியைத்தானே,
இங்கே பொறுமையையும் கிலோ கணக்கில் நிறுக்க வேண்டும்.
இன்று மூன்றில் ஒரு பங்குதான் எரித்தேன்.
மிச்சத்தைக் கடைசி நாற்பது நொடிக்கென்று முடிந்து வைத்தேன்.
எஞ்சின் அணைந்து, குளிர்ந்து,
ட்ரோன்களின் கூச்சலுக்குப் பின்னால்
அவை பேசாமல் மிதந்து போயின.
சேரும் நேரம்: நாற்பத்தொரு நிமிடம்.

அவை போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் கப்பலை நகர்த்த மறந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நிமிடம்.
ஒரு கைப்பிடி டங்ஸ்டன்.
எண்பத்தாறு மாலுமிகள் என்றது திரை,
ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை.

‘தூங்கப் போ, குன்வோர்’ என்று எழுதினான்.
‘இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது.’
அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
‘எத்தனை?’
‘பதினெட்டு.’

செத்தவளும் சாகப்போகிறவனும்
என்ன பேசிக்கொள்வார்கள்?
கிடங்கை மார்ச்சில் மூடுகிறார்களாம்.
என் தெருவை ஏப்ரலில் பெயர்க்கிறார்கள் என்றேன்,
அடியில் இரும்பைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்,
ஊர் மூன்று கிலோமீட்டர் கிழக்கே போகிறது.
‘ஊரா? எத்தனை வருடமாக?’
இருபது.
‘அதற்கும் எரிபொருள் போதவில்லையா’ என்று
ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினான்.
அதற்குமேல் அவனுக்குக் கை ஒழியவில்லை.

ட்ரோன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.
ஆணையிட்டவள் இல்லை என்பது தெரியாமல்
கடைசியாய்ச் சொன்னதையே செய்கின்றன.
லேசர் எட்டை எரித்தது.
ரேடியேட்டர் செம்மண் நிறம், பிறகு மஞ்சள்,
பிறகு ஓர் ஓரம் கிழிந்தது.
‘மடித்துவிட்டேன்,
இனி உள்ளேயே வேகவேண்டியதுதான்’ என்றான்.

நாற்பது நொடி.
பதினெட்டும் ஒரே சமயத்தில் கண் திறந்தன.
அவன் தும்மினான். அவையும் தும்மின.
பதினாறு வீண்.

கடைசி இரண்டைப் பற்றி நாங்கள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

வெற்றி பெற்றவர்: கோடு போட்டிருக்கிறது.
மிஞ்சிய நான்கு ட்ரோன்கள்
சனியின் நிழலுக்குள் போகின்றன.
அடுத்து யாரைச் சுட என்று
திரையோரம் ஒரு சிறு பெட்டி மின்னிக்கொண்டே இருக்கிறது.
அழுத்திப் பார்த்தேன்.
பதில் அனுப்ப எனக்குக் கப்பல் இல்லை.