ஒரு சென்டிமீட்டர்

லோரோங் கூலிட் சந்தையில்
தையல் மிஷின் தலைக்கும்
ஜோடி தொலைத்த செருப்புக்கும் நடுவே
தார்ப்பாயில் கிடந்தது:
பித்தளை வளையம், உள்ளே கண்ணாடி,
கழுத்தில் யாரோ சுரண்டிய எண் 7.
நாற்பது என்றான். பன்னிரண்டு என்றேன்.
தூறல் விழவும் பதினைந்துக்கு இறங்கினான்.

எந்தக் கேமராவிலும் உட்காராது.
வாங்கும்போதே தெரியும்.

பாயான் லெப்பாஸ் ஆலையில் என் வேலை
மைக்ரான் பிசகிய தட்டைத் திருப்பி அனுப்புவது.
பன்னிரண்டு மணி நேரம் முகமூடி, கையுறை;
தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.
வீட்டில் என் அளவுகோல்
பெருவிரல்.

கேமரா, தம்பி கடனுக்கு ஈடாக விட்டுப்போனது.
அதன் வாய்மூடியில்
ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி
ஓட்டை போட்டேன். சமையலறை
இரண்டு நாள் பிளாஸ்டிக் நாறியது.
குழாய்க்கு ஆ செங் கடை.
"தண்ணிக்கா, கழிவுக்கா?"
"வெளிச்சத்துக்கு."
யோசித்துவிட்டுக் கழிவுக் குழாய் எடுத்தான்,
அதுதான் மலிவாம்.

உட்பக்கம் பளபளக்கக் கூடாது;
ஒடிந்த குடையின் கறுப்புத் துணியை ஒட்டினேன்.
ஆடும் இடத்துக்கு சைக்கிள் டியூப் வளையம்.
பசை காய ஒரு ஷிப்ட்.

திரும்பி வந்ததும் ஜன்னலில் நின்று
கொடிமலையைப் பிடித்தேன்: கஞ்சி.
கொம்தார்: கஞ்சியில் ஒரு கரண்டி.
எதிர் பிளாட்டில் காயும் துணிகூட
நிறம்தான், துணியில்லை.
குழாய் ஒரு சென்டிமீட்டர் நீளம்.
மைக்ரான்காரி நான்.

இரவு பதினொன்றரை. இரும்பு ரம்பம்.
இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன்,
கதவு அதிர்ந்தது.

கீழ்வீட்டு நோர்லைலா.
ஆஸ்பத்திரியில் விடியற்காலை டியூட்டி,
தலையில் அவசரத்துக்குச் சுற்றிய துண்டு.
மணி என்ன தெரியுமா என்று தொடங்கி
போன மாதம் என் குளியலறை ஒழுகியதுவரை போனாள்.
நைட்டியோடு நான்,
கையில் கேமரா.
என்ன சொல்வதென்று தெரியாமல்
கண்ணுக்கு வைத்தேன்.

இமை இமையாகத் தெரிந்தாள்.

மூக்கோரம் வியர்வை, இடப்புருவத்தில் பழைய தையல்;
பின்னால் நடைவழி விளக்கெல்லாம்
கலக்கிய தே தாரேக் போலச் சுழன்றன.
இரண்டடி.
சண்டைக்கு வந்தவள் நிற்கும் தூரம்
அந்தக் கண்ணாடிக்கும் சரியாக இருந்தது.

"அழி," என்றாள்.
திரையைக் காட்டினேன்.
"வாய் ஏன் இப்படித் திறந்திருக்கு?"
திட்டிக்கொண்டிருந்தாய் என்றேன்.
பேசாமல் பார்த்தாள். பிறகு
"எனக்கு அனுப்பு. யாருக்கும் காட்டாதே."
போகும்போது ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் ஆகிறது. நானும் கேட்கவில்லை.
ஆ செங் வந்து நின்றான், அவன் பெண் வந்தாள்,
தம்பி வந்தான், கடனைப் பற்றிப் பேசவில்லை.
எல்லாரும் இரண்டடியில்.
சிலருக்குக் கூச்சம், மூச்சை அடக்குகிறார்கள்.

கொடிமலையை
வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன்.