இருபத்தைந்து ஈட்டிக்காரர்

உவர்மலையில் கரண்ட் இல்லை.
கிண்ணியாவுக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அர்ஹம்
ஐஸ் கொம்பனி பில்லின் முதுகில் எழுதுகிறான்:

பறக்கும் நாகம் ஒன்று. உயிர் இருநூறு, அடி ஐம்பது.
ஈட்டிக்காரன். உயிர் பத்து, அடி இரண்டு.
இருபத்தைந்து பேரை எடு மச்சான்,
அடியிலே சமம், உயிரிலே ஐம்பது கூட.
விலையும் மலிவு.

சண்டையை விட்டுப் பார்த்தோம்.
நாகம் முந்தியது. ஒரு மூச்சுக்கு ஐந்து பேர்.
மிஞ்சியவர்கள் குத்த, அடுத்த மூச்சு.
ஆள் குறையக் குறையக் குத்தும் குறைந்தது.
கடைசி ஆளும் கரிந்தபோது
பாதி உயிரோடு சிறகை உதறியது அது.

கூட்டல் பிழையில்லை என்று
மூன்று தரம் கூட்டினான்.

அந்தத் தந்திரம் எனக்குத்தான் தோன்றியது:
முறைக்கு ஒருவனைப் பிரித்து முன்னே நிறுத்து.
ஐம்பது அடியும் அவனுடைய பத்து உயிரில் வீணாகும்.
மற்றவர்கள் குத்தட்டும்.

ஐந்தாம் முறையில் நாகம் விழுந்தது.
இருபது பேர் மிச்சம்.
அர்ஹம் என் முதுகில் அறைந்தான்.

பிரிக்கிற பெட்டியில் பெயர் இல்லை,
இடமும் வலமும் இழுக்கும் ஒரு கோடுதான்.
ஐவருக்கும் ஒரே தாடி,
ஒரே தடவை வரைந்தது.
யாரை அனுப்புகிறேன் என்று தெரியாமலே
எவ்வளவு சுத்தமாய்ச் செய்திருக்கிறேன்.

கீழே உள்துறைமுகத்தில்
ஒரு கப்பலுக்கு மட்டும் வெளிச்சம்.
மதிலோரம் மான்கள் குப்பையைக் கிளறுகின்றன.
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

"பற்றரி பதினொரு வீதம்" என்கிறான் அர்ஹம்.
"வடக்கு மூலையில இன்னொன்று நிற்குது.
பிரி."